இலையின் முன் அமரும் சுபாவம்

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களுள் ஆத்தங்குடி, தன் தரைக்கல்லால் தூரதேசங்களிலும் பெயர் அறியப்பட்ட ஊர். சூளையில் வேகாத அந்தக் கல்லைச் செய்பவர், கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவம் அமைந்த அச்சை அதனுள் இறக்கி, அறை அறையாக வர்ணக் குழம்பை ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் எடுத்துவிட்டு, மணலும் சிமெண்டும் சேர்ந்த உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் பரப்பி மட்டப்படுத்துகிறார். வர்ணம் முழுவதும் கண்ணாடியை நோக்கிக் கவிழ்ந்து கிடப்பதால், செய்கிறபோது அவர் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிற முதுகுப்புறம் மாத்திரமே. கல் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் பல நாட்கள் ஊறி, கண்ணாடி விலகிய பிறகுதான் அவருடைய கவனம் எங்கே நிலைத்தது, எங்கே நழுவியது என்பது வெளியாகும். அக்கல் பதித்த கூடங்களில் இலை போட்டு நாம் உண்கிற ஆகாரமும் இவ்விஷயத்தில் அக்கல்லைப் போன்றதே. இன்று அவசரத்தில் விழுங்கியதும், மறுக்க மனமின்றி வாங்கிக்கொண்டதும், கவலையை மறக்க வாயில் போட்டுக்கொண்டதும் அன்றே கண்ணுக்குப் புலப்படாமல், பத்தோ பதினைந்தோ வருஷங்கள் கழித்து, ஓர் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண்ணாக வந்து நிற்கின்றன.

நீரிழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இலையில் என்ன விழுகிறது என்பதையே பேசுவார்கள்; அது பேச வேண்டியதே. ஆனால் இந்த அத்தியாயத்தில் இலையின் முன் அமர்ந்திருப்பவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே சமையற்கட்டில் உண்டு வளர்ந்து, ஒரே பரம்பரையின் பலத்தையும் பலவீனத்தையும் சரீரத்தில் சுமக்கும் இரு சகோதரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். காலைப் பலகாரத்திற்கு இருவர் இலையிலும் அதே வெள்ளைப் பணியாரம், அதே காரச் சட்டினி. ஒருவர் மூன்று பணியாரத்தை ருசித்து முடித்து, நான்காவதை வேண்டாமென்று சொல்லி எழுந்துவிடுகிறார். மற்றவர் பத்திரிகையைப் படித்துக்கொண்டோ, நேற்றைய வழக்கொன்றை நினைத்துப் பொருமிக்கொண்டோ, பரிமாறுகிறவரின் முகம் வாடுமே என்று இரங்கிக்கொண்டோ உண்டு முடிக்கிறார். எத்தனை உண்டீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் பணியாரத்தில் இல்லை. சமையற்காரரை மாற்றுவதாலும் அது தீராது.

மனோதத்துவ நிபுணர்கள் மனிதச் சுபாவத்தை ஐந்து பெருங்குணங்களாகப் பகுத்துப் பார்ப்பது வழக்கம்: நியமம் தவறாமை, மனம் எளிதில் கலங்குதல், பிறரோடு கலந்து மகிழ்தல், பிறருக்கு இணங்கிப் போதல், புதியவற்றில் நாட்டம் என்பன அவை. பல வருஷங்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஐந்து கூட்டத்தாரைச் சேர்ந்த 34,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட அறிஞர்கள், இவற்றுள் நியமம் தவறாமை என்னும் குணம் குறைந்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் அதிகம் என்று கண்டார்கள். அந்தத் தொடர்பில் ஒரு பகுதி, உடற்பருமன், தேகப்பயிற்சி இன்மை ஆகியவற்றின் வழியாக வருகிறது என்பதும் அவர்களுக்குப் புலப்பட்டது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 1,39,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 14 வருஷங்கள் கவனித்து 2019-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, நம்பிக்கை மனோபாவம் குறைந்தவர்களுக்கும், மனக்கசப்பும் பகைமையும் மிகுந்தவர்களுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாக வந்ததைக் காட்டிற்று. இவையெல்லாம் சுபாவமும் வியாதியும் சேர்ந்து நடப்பதைக் காட்டுகின்றனவேயன்றி, சுபாவமே வியாதியைப் பிறப்பிக்கிறது என்று தீர்ப்புச் சொல்பவை அல்ல. பரம்பரை, வயது, இடுப்பின் சுற்றளவு, உழைப்பின்மை ஆகியவற்றின் கை இதில் மிகவும் வலிது. ஆகையால், வியாதி கண்டவர் ஒருவரைப் பார்த்து, ‘உன் குணத்தால் நீயே தேடிக்கொண்டாய்’ என்று எவரும் சொல்லத் துணியலாகாது. அது அறியாமையும் கொடுமையும் ஒருங்கே ஆகும். சுபாவத்தை அறிவது குற்றம் சாட்டுவதற்காக அன்று. வேலியில் ஓட்டை எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் அந்த இடத்தில் முள் வைக்கலாம் என்பதற்காக.

நம் நாட்டு நிலைமையை ஓரிரு எண்களில் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2008 முதல் 2020 வரை தேசமெங்கும் நடத்தி, 2023-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு உடையவர்கள். தமிழ்நாட்டில் அது 14.4. நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்கள் தேசத்தில் நூற்றுக்கு 15.3 பேர். வெள்ளை அரிசியை மிகுதியாக உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை 21 தேசங்களில் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட அறிஞர்கள், அத்தொடர்பு தெற்காசியாவிலேயே மிகவும் அழுத்தமாக இருக்கக் கண்டார்கள். நம் சரீரத்தின் அமைப்பே அப்படி: மற்றவர்களுக்குப் பருமன் என்று தோன்றாத நிலையிலேயே நமக்கு வயிற்றுக்குள் கொழுப்புப் படிகிறது, அக்கொழுப்பு, இன்சுலின் எவ்வளவு சுரந்தாலும் அதன் ஏவலைத் தசைகளும் கல்லீரலும் சரிவரக் கேளாதபடி செய்துவிடுகிறது. கணையம் சில காலம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகொடுக்கிறது. ஈடுகொடுக்க இயலாத நாளில் சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறது. அந்தச் சில காலம்தான் நம் கையில் இருக்கிற காலம். சுபாவத்தைப் பற்றிய பேச்சுக்குப் பிரயோஜனம் உண்டென்றால், அது பெரிதும் அந்தக் காலத்திலேயே உண்டு.

இனி, தம் சுபாவத்தைத் தாமே அறிவது எப்படி என்பதற்கு வருவோம். இதற்கு மனோதத்துவ நிபுணரிடம் போக வேண்டிய அவசியமில்லை. மூன்று நாட்கள், உண்டு முடித்த கையோடு, இறுதியாக வாங்கிக்கொண்ட அந்த ஒரு பண்டத்தை ஏன் வாங்கிக்கொண்டோம் என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்த்தால் போதும். அந்தக் கடைசிக் கவளத்தின் காரணத்தில்தான் சுபாவம் ஒளிந்திருக்கிறது.

செட்டிநாட்டில் நான் மிக அதிகமாகக் காண்பது, மறுக்க மாட்டாத சுபாவம். இது நல்ல சுபாவம். குடும்பங்களும் கோயில் காரியங்களும் ஊர்ப்பொதுவும் இத்தகையவர்களின் இணக்கத்தாலேயே நடக்கின்றன. ஆனால் பந்தியில் இதுவே அவர்களைத் தோற்கடிக்கிறது. விசேஷ வீட்டில், ஓர் ஆச்சி கந்தரப்பம் என்னும் இனிப்புப் பலகாரத் தட்டோடு வந்து நிற்கிறார்.

“அண்ணே, இன்னும் ஒண்ணே ஒண்ணு வச்சுக்கிருங்க.”

“போதும் ஆச்சி, வயிறு நெறஞ்சிருச்சு.”

“நெறஞ்ச வயித்துக்கு ஒரு கந்தரப்பம் பாரமாண்ணே? எனக்காக வச்சுக்கிருங்க.”

அந்த ‘எனக்காக’ என்ற சொல்லின்முன் அவர் கை தானாக இலையிலிருந்து விலகிவிடுகிறது. இத்தகையவரிடம், ‘மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மறுத்துவிடுங்கள்’ என்று உபதேசிப்பதால் ஒரு பயனும் இல்லை; மறுப்பது அவர் சுபாவத்திலேயே இல்லை. அவர் செய்யக்கூடியது வேறொன்று. மறுக்க முடியாதவரால் திருப்பிவிட முடியும். கந்தரப்பத்தோடு ஆச்சி வரும்போது, “ஆச்சி, அந்த அவரைக்காய்ப் பொரியல் ரொம்ப நல்லாருந்துச்சு, அதுல இன்னுங் கொஞ்சம் வைங்க” என்று கேட்டுப் பாருங்கள். உபசரிப்பவருக்கு வேண்டியது தம் கையால் ஒன்று உங்கள் இலையில் விழ வேண்டும் என்பதே; அது பொரியலாக விழுந்தாலும் அவர் முகம் மலரும். மண்டி, கூட்டு, மோர், இரசம் ஆகிய எதைக் கேட்டாலும் இதே பலன் கிட்டும். பொரியலையும் கூட்டையும் இலையில் முதலில் உண்டுவிட்டுச் சோற்றுக்கு வருவதில் வேறொரு லாபமும் உண்டு: காய்கறியும் பருப்பும் முன்னே சென்று, மாவுப்பொருள் பின்னே செல்லுமானால், உண்டபின் இரத்தச் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்பது பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். இன்னொரு உபாயம், இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளத்தான் போகிறோம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, முதல்முறை பாதியளவே வாங்கிக்கொள்வது. ஒரு கந்தரப்பத்தையே இரண்டாகப் பிட்டு, இரண்டு உபசாரங்களுக்கும் இடம் வைக்கலாம்.

இங்கே பரிமாறும் ஆச்சிமாரிடமும் ஒரு விண்ணப்பம் வைக்க வேண்டும். உங்கள் உபசாரத்தின் கீர்த்தி, கடல் கடந்து போன பெருமையுடையது. அதைக் குறைத்துக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை. கேளாமல் இலையில் வைக்காதீர்கள், ஒருமுறை போதுமென்றவரிடம் மறுமுறை வற்புறுத்தாதீர்கள் என்று மட்டுமே கேட்கிறேன். உங்கள் பந்தியில் அமர்ந்திருப்பவர்களுள் நீரிழிவு உடையவர் இருக்கிறார். தமக்கு அது இருப்பதை அறியாதவரும் இருக்கிறார். அறிந்திருந்தும் ஊரார் முன் சொல்லக் கூசுகிறவரும் இருக்கிறார். கூசுகிறவரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைக்கும்படி வற்புறுத்துவது உபசாரத்துக்கு அழகன்று.

அடுத்தது, மனம் எளிதில் கலங்கும் சுபாவம். பெரிய வீடுகளில் பகல் மூன்று மணிக்கு நிலவும் நிசப்தத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீண்டு கிடக்கும் வீட்டில் முதியவர்கள் இருவரோ ஒருவரோ. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய தொலைபேசி வரவில்லை. இடைப்பலகார நேரத்திற்கு இன்னும் ஒரு மணி இருக்கும்போதே கை மாவுருண்டை டின்னைத் தேடுகிறது. அந்த மாவுருண்டை வயிற்றின் பசிக்காகத் தேடப்பட்டதன்று. மனம் கலங்கும்போது சரீரத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு உயர்ந்து, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. அதே வேளையில் இனிப்பும் கொழுப்பும் மிகுந்தவற்றில் ஆசை எழுகிறது. ஆக, கவலைப்படுகிறவர் ஒரே நேரத்தில் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சர்க்கரை ஏற்றிக்கொள்கிறார்.

வயிற்றின் பசியையும் மனத்தின் பசியையும் பிரித்தறிவது கடினமன்று. வயிற்றுப் பசி மெல்ல மெல்ல எழும்; எழுந்தபின் இட்லி என்றாலும் சம்மதிக்கும், நேற்றைய சோற்றில் மோர் ஊற்றித் தந்தாலும் சம்மதிக்கும். மனத்தின் பசி திடீரென்று வந்து, இன்னதுதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும். கொடுத்தாலும் அடங்காமல், உண்டபின் ஒரு வருத்தத்தை விட்டுச் செல்லும். இதை அறிந்தவர் டின்னைத் திறக்கலாகாது என்று நான் விதிக்கமாட்டேன், விதித்தால் நடக்காது. டின்னிலிருந்து நேரே வாய்க்குக் கொண்டுபோகாமல், ஒரே ஒரு மாவுருண்டையைத் தட்டில் எடுத்து வைத்து, டின்னை மூடி, அது இருந்த அலமாரியிலேயே வைத்துவிட்டு, வீட்டின் நடுமுற்றமான வளவில் வந்து உட்கார்ந்து, அதன்பின் உண்ணுங்கள். உண்பதற்கு முன், வளவை நான்கு முறை சுற்றி வருவது இன்னும் உத்தமம். அநேக நாட்களில் நான்காம் சுற்றில் அந்தப் பசி காணாமற்போயிருக்கும்; காணாமற்போகாத நாளில் உண்ட ஒரு மாவுருண்டையால் கெடுதல் பெரிதாக வந்துவிடாது. தொலைபேசி வரவில்லையென்றால் நீங்களே கூப்பிடுங்கள். தனிமைக்கு மாவுருண்டை ஔஷதம் ஆகாது.

அவசரக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடையிலும் அலுவலகத்திலும் ஓடி ஓடி உழைக்கிற அவர், ஐந்து நிமிஷத்தில் உண்டு எழுவதை ஒரு சாமர்த்தியமாகவே நினைக்கிறார். குடலும் இரைப்பையும் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லி அனுப்பும் செய்தி சேர்வதற்குச் சுமார் இருபது நிமிஷம் பிடிக்கிறது. செய்தி வருவதற்குள் அவர் இரண்டு பங்கு உண்டுவிட்டு எழுந்து போயிருப்பார். வாயிலுள்ள கவளம் தீரும்வரை அடுத்த கவளத்தைப் பிசையாதிருப்பது ஒன்றே அவருக்கான பரிகாரம். திருக்குறளில் ‘மருந்து’ என்ற பெயருடைய 95-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்பவர், முன் உண்டது ஜீரணித்ததை அறிந்து, அளவறிந்து உண்பதைப் பற்றியே அதில் பெரும்பகுதி பேசப்படுவதைக் காண்பார். மருந்து என்று தலைப்பிட்டுவிட்டு ஆகாரத்தைப் பேசிய அந்த விவேகத்தை நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, சாப்பாட்டு அறையில் மறந்துவிட்டோம்.

நியமம் குறைந்த சுபாவத்திற்கே அபாயம் அதிகம் என்று ஆராய்ச்சி சொல்வதை முன்னே குறிப்பிட்டேன். இதைப் படித்து, ‘எனக்கு நியமம் என்பது பிறவியிலேயே இல்லை’ என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு, அவர்கள் தாத்தாமார்களின் கைப்பெட்டியை நினைவூட்ட வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த செட்டிநாட்டு நகரத்தார், அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதி, சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றி, காலம் முடிந்ததும் ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் அடுத்த அடி எடுத்து வைத்தவர்கள் அல்லர். அவர்கள் அனைவரும் பிறவியிலேயே ஒழுங்கு நிறைந்தவர்களாக இருந்திருக்க முடியாது. கடையில் சேர்ந்த சிறு பையனுக்கு அந்த ஒழுங்கைத் தொழில் கற்பித்தது. சுபாவம் இடம் தராத நியமத்தைப் பழக்கம் தரும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சியை நான் அறியேன். ஆகவே ஒரு சிறு நோட்டில் ஆகாரச் சிட்டை எழுதத் தொடங்குங்கள். காலரி கணக்கு வேண்டாம். என்ன, எத்தனை, எந்த மனநிலையில் என்ற மூன்றே போதும். ‘கருப்பட்டிப் பணியாரம், ஐந்து, தம்பியோடு வாக்குவாதம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஒரு மாதத்திற்குப் பிறகு அந்த நோட்டு உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாததைச் சொல்லும். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சர்க்கரை, அந்த ஒரு நாளின் சிட்டை. எச்பிஏ1சி என்னும் பரிசோதனை, ஏறக்குறைய மூன்று மாதத்தின் ஐந்தொகை. முன்னதில் ஒருநாள் பட்டினி கிடந்து நல்ல பெயர் வாங்கிவிடலாம். பின்னதை ஏமாற்ற முடியாது.

அளவுகடந்த நியமமும் ஓர் ஆபத்தே என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வாரம் முழுவதும் கேழ்வரகும் கீரையுமாகக் கடுமையாக இருந்துவிட்டு, ஒரு கலியாணத்தில் ஓர் அதிரசத்தை உண்ட கணத்தில், ‘எல்லாம் போயிற்று’ என்று மனம் உடைந்து, அன்று முழுவதும் கணக்கில்லாமல் உண்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் நஷ்டம் எழுதியதற்காக எந்த வியாபாரியும் கடையை மூடியதில்லை. அந்த வரியையும் சிட்டையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

நினைவோடு உண்ணுதல் என்பதை மேல்நாட்டார் இப்போது ஒரு பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய மன அமைதிப் பயிற்சியில், ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, நாவில் வைத்து, மெல்ல மென்று உண்பது ஒரு புகழ்பெற்ற பாடம். அதைப் படித்தபோது எனக்கு நம் பிள்ளையார் நோன்பு நினைவுக்கு வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், நகரத்தார் வீடுகளில், புதிய வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாகத் திரித்து, இனிப்புச் சேர்த்த மாவில் வைத்து ஏற்றி, குடும்பத்தின் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் இட்டுக்கொள்கிறார்கள். இழை எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் எவரும் பத்திரிகை படிப்பதில்லை. எவரும் அடுத்த இழைக்குக் கை நீட்டுவதில்லை. எட்டு வயதுப் பிள்ளையும் மூச்சை அடக்கி, வாயைக் குவித்து, கையிலிருக்கும் சிறு சுடரையே பார்க்கிறது. நெல்லிக்காயளவு மாவு, ஒரு வருஷம் நினைவில் நிற்கிறது. மனம் முழுவதும் வாயில் வந்து நிற்கும்போது எவ்வளவு சிறிய அளவு போதுமானதாகிவிடுகிறது என்பதை இந்நோன்பு காட்டுகிறது; சமய நோக்கத்தில் ஏற்பட்ட ஒன்றை ஆரோக்கிய நோக்கத்திற்கு நான் இழுக்கிறேன் என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வேளையும் சுடரை விழுங்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வேளையிலும் முதல் மூன்று கவளங்களை மாத்திரம் அந்த இழையை எடுத்துக்கொள்வது போல, பேச்சின்றி, கைபேசியின்றி, தொலைக்காட்சியின்றி, மணமும் சூடும் ருசியும் அறிந்து உண்ண யாராலும் முடியும். மூன்றாம் கவளத்திற்குப் பின் பேசுங்கள், சிரியுங்கள். நம் பந்தியிலிருந்து பேச்சை எடுத்துவிட்டால் அது பந்தியாகாது. இலையில் பாதி தீர்ந்ததும் ஒருமுறை கையை நிறுத்தி, வயிற்றை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியின் பலத்தை மிகைப்படுத்திச் சொல்வது அதர்மம். அமெரிக்காவின் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் கார்லா மில்லர் முதலியோர், நீரிழிவு உடையவர்களில் ஒரு பிரிவினருக்கு நினைவோடு உண்ணும் பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான நீரிழிவுக் கல்வியும் அளித்து, 2012-ல் வெளியிட்ட முடிவு இது: இரு பிரிவினருக்கும் எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது; ஒன்று மற்றொன்றைவிடப் பெரிதாக உயர்ந்து நிற்கவில்லை. இதை நான் நல்ல செய்தியாகவே கொள்கிறேன். பட்டியலும் அளவும் பார்த்து நடக்கக்கூடிய சுபாவமுடையவருக்கு அது ஒரு வழி; பட்டியலைக் கண்டாலே வெறுப்படைகிறவருக்கு இது ஒரு வழி; இரண்டும் ஒரே ஊருக்குப் போகின்றன. அந்த ஊர் நமக்கும் எட்டாததன்று என்பதைச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்று வருஷ காலம் கவனித்தார்கள்; 2006-ல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது; ஆகாரத்தையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்ட பிரிவுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான் கிட்டிற்று.

கவுனி அரிசியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பர்மாத் தொடர்பால் செட்டிநாட்டில் வேரூன்றிய அக்கரிய அரிசி, வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்து மிகுந்தது என்பது வாஸ்தவம். ஆனால் அதைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்த்துக் கிளறிய பின், நிறத்தைக் காட்டிச் சலுகை கேட்கக் கூடாது. கருப்பட்டியும் வெல்லமும் அவ்வாறே; இரத்தத்தில் அவை சர்க்கரையாகவே போய்ச் சேர்கின்றன.

ஏற்கெனவே இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள், இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வேளை ஆகாரத்தைத் தாங்களே குறைப்பதோ, தள்ளிப்போடுவதோ, தவிர்ப்பதோ செய்யலாகாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். மருந்தின் அளவையும் ஆகாரத்தின் அளவையும் வைத்தியரின் ஆலோசனையோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

மற்றவர்கள், தங்கள் அபாயம் எவ்வளவு என்பதை ஒரு தையல்காரரின் நாடாவைக் கொண்டே அறியலாம். மேலே சொன்ன மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் வெளியிட்ட அளவுகோல் இது. வயது 35-க்குக் குறைவானால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 0, 90 முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20. பெண்களுக்கு 80-க்குள் 0, 80 முதல் 89 வரை 10, அதற்கு மேல் 20. தேகப்பயிற்சி, கடின உழைப்பு இரண்டும் உண்டானால் 0, ஒன்றே உண்டானால் 20, இரண்டும் இல்லையானால் 30. தாய் தந்தையரில் எவருக்கும் நீரிழிவு இல்லையானால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டிவரும் தொகை 60-ஐ எட்டினால் அபாயம் அதிகம். 30 முதல் 50 வரை நடுத்தரம். இந்நான்கில் வயதையும் பெற்றோரையும் நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

கூட்டுத்தொகை எதுவாயினும், 30 வயதைக் கடந்தவர் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குச் செலவு இல்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் நல்லது; 100 முதல் 125 வரை வாசற்படி; 126-ம் அதற்கு மேலும் இருந்தால் மறுபடி சோதித்து வைத்தியரைக் காண வேண்டும். அந்தப் பரிசோதனையை வரும் விசேஷத்திற்குப் பிறகு, நோன்பிற்குப் பிறகு, பிள்ளைகள் வந்து போன பிறகு என்று தள்ளிப்போடாமல், இந்த வாரத்திலேயே ஒரு காலை வெறும் வயிற்றோடு போய்ச் செய்துகொண்டு வந்து, அந்த எண்ணை உங்கள் ஆகாரச் சிட்டையின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.